வாய்ச் சட்டை

மருந்து குடித்துவிட்டு முகம் சுளிக்காத குழந்தையைத் தில்ஷாத் தன் ஒன்பது வருட வேலையில் பார்த்ததே இல்லை. அந்த ஒரே வாரத்தில் மூன்று பேரைப் பார்த்தாள்.

மூன்றாவது ஆள் சர்வேஷ். ஆறு வயது, துறையூர்ப் பையன். அப்பா பஸ் கண்டக்டர். பிறந்ததிலிருந்து மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டே வளர்ந்தவன். இப்போது அக்காவின் எலும்பு மஜ்ஜையை வாங்கிக்கொள்வதற்காகத் திருச்சிக்கு வந்து, மருத்துவமனையின் ஆறாவது மாடியில் கண்ணாடிக் கதவு போட்ட அறையில் இருந்தான். நர்ஸ் நீட்டிய வெள்ளை மருந்து எப்பேர்ப்பட்ட கசப்பு என்று தில்ஷாத்துக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், குழந்தைகள் ஏன் இப்படித் துப்புகிறார்கள் என்று அதில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தவள் அவள். மதியச் சாப்பாடு வரை வாய் சரியாகவில்லை. சர்வேஷ் அதை மோர் குடிப்பதுபோல் மடக்கென்று குடித்தான். மூடியில் ஒட்டியிருந்ததையும் நக்கினான்.

"கசக்கலையா தங்கம்?"

"இல்லையே."

"பின்ன எப்படி இருந்துச்சு?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "சும்மா இருந்துச்சு."

அவன் அம்மா மேகலா சிரித்தாள். "இங்க வந்து சமத்தாயிட்டான் மேடம். வீட்டுல இவனுக்கு ஒரு ஸ்பூன் டானிக் குடுக்கணும்னா ரெண்டு பேர் கையைப் பிடிக்கணும்."

நர்ஸுகளுக்கும் சந்தோஷம்தான். தில்ஷாத்துக்குத்தான் மண்டைக்குள் ஏதோ நமைத்தது. அவள் அந்த வார்டின் டயட்டீஷியன். எந்தக் குழந்தை எதை எத்தனை வாய் சாப்பிட்டது, எதைத் தள்ளிவிட்டது என்று எழுதி வைப்பது அவள் வேலை. தள்ள வேண்டியதை ஒரு குழந்தை தள்ளவில்லை என்றால் அதையும் எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் நாலு சின்னக் கிண்ணங்களோடு போனாள். சர்க்கரைத் தண்ணீர், உப்புத் தண்ணீர், எலுமிச்சை பிழிந்தது, பாகற்காய் வேகவைத்து வடிகட்டியது. எல்லாம் கொதிக்கவைத்து ஆறவைத்தவை. கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கும் குழந்தைகள் குஷியாக விளையாடினார்கள். சர்வேஷ் வரிசையாகச் சொன்னான். இனிப்பு. உப்பு. புளிப்பு. நாலாவதை இரண்டு முறை குடித்துப் பார்த்து, "இது தண்ணி. ஏமாத்துறீங்க" என்றான்.

வார்டில் அப்போது பதினொரு குழந்தைகள். அதில் ஒன்பது பேருக்குப் பாகற்காய் வெறும் தண்ணீர். மீதி இரண்டு பேர் துப்பினார்கள், ஒருத்தி அழுதே விட்டாள். அந்த இரண்டு பேருக்கும் இன்னும் வாய்ச் சட்டை போடவில்லை.

வாய்ச் சட்டை என்பது குழந்தைகள் வைத்த பெயர். அது வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்கு முந்தைய எட்டு வருடங்களைத் தில்ஷாத் மறக்க முடியாது. புது மஜ்ஜையை ஏற்றுவதற்குமுன் பழைய மஜ்ஜையைக் கடுமையான மருந்து கொடுத்து அழிக்க வேண்டும். அந்த மருந்து மஜ்ஜையோடு நிற்காது. உதட்டிலிருந்து தொண்டைக்குழி வரை உள்தோலைச் சுட்டுவிடும். ஐந்தாம் நாள் வாய் சிவக்கும். எட்டாம் நாள் வெந்துபோய்த் தோல் உரியும். குழந்தை தன் எச்சிலைக்கூட விழுங்காது, தோளில் போட்ட துண்டில் வழியவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஐஸ் துண்டைச் சப்பச் சொன்னார்கள். சிவப்பு ஒளியை வாய்க்குள் காட்டினார்கள். சிலருக்குப் பாதி குறைந்தது, சிலருக்கு அதுவும் இல்லை. அந்தப் பத்து நாட்களுக்குத் தில்ஷாத்தின் குறிப்பேட்டில் இருக்கிற ஒரே எண் பூஜ்யம்.

சட்டை வந்தபின் பூஜ்யம் போயிற்று. கடும் மருந்து தொடங்குவதற்கு முதல் நாள், முகமூடி வழியாக மூடுபனி மாதிரி ஒன்றை வாய்க்குள் அடிப்பார்கள். அவ்வளவுதான். எட்டாம் நாளும் குழந்தை இட்லி கேட்கும்.

அதைக் கண்டுபிடித்தவர் டாக்டர் நாச்சியப்பன். பல் டாக்டராக இருந்து ஆராய்ச்சிக்கு வந்தவர், மூன்றாவது மாடியில் இருப்பார். தில்ஷாத் தன் குறிப்பேட்டை அவர் மேசையில் விரித்து வைத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"சரியாத்தான் பிடிச்சிருக்கீங்க" என்றார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"எலியிலேயே பார்த்தோம். கசப்புத் தண்ணியையும் நல்ல தண்ணியையும் ஒண்ணாத்தான் குடிச்சுது."

"ஏன் அப்படி ஆகுது?"

ஆராய்ச்சி பற்றி யாராவது கேட்டால் அவர் முகம் மலர்ந்துவிடும். "கசப்பு நாக்குக்கு மட்டும்தான் தெரியும்னு நினைக்கிறோம். அப்படி இல்லைங்க. கன்னத்துக்கு உள்பக்கம், தொண்டை, எல்லா இடத்திலயும் கசப்பைக் கண்டுபிடிக்கிற செல் இருக்கு. கசப்புன்னா விஷமா இருக்கலாம்னு உடம்புக்குத் தகவல் சொல்றதுக்கு. கடும் மருந்து இறங்கினதும் முதல்ல அலறுறது அதுங்கதான். அது அலற, தோல் பதறி வேக வேகமா வேலை செய்ய, மருந்து அதைத் தேடி அடிக்குது. நான் அனுப்பினது ஒரு நுண்ணுயிர். அபூர்வமா சில பேர் வாயில தானாவே இருக்கிறதுதான், நாங்க கொஞ்சம் பழக்கினோம். அது வாய் முழுக்கப் படர்ந்து அந்தக் கசப்புச் செல்லைத் தூங்க வச்சிடுது. தோல் பதறாம படுத்துக் கிடக்கு. மருந்து அதை விட்டுட்டுப் போயிடுது."

"அம்மா அப்பாகிட்ட இதைச் சொன்னோமா?"

"கையெழுத்து வாங்குற பாரத்துல இருக்கே. பதினேழாம் பக்கம். 'சுவையில் தற்காலிக மாற்றம் ஏற்படலாம்.'"

"தற்காலிகம்னா?"

"ஆறு வாரம். தானா உதிர்ந்துடும்."

"உதிர்ந்ததைப் பார்த்தீங்களா சார்?"

"எலியில உதிர்ந்துச்சு" என்றார் நாச்சியப்பன். குறிப்பேட்டை மூடி அவளிடம் நீட்டினார். "பதினாலு வருஷம் அந்த வாயை எல்லாம் பஞ்சால துடைச்சவன் நான். பஞ்சோட தோலும் சேர்ந்து வரும். ஆறு வாரம் பாகற்காய் கசக்கலைன்னா என்னங்க?"

உதிர்கிறதா என்று பார்த்துவிடலாமே என்று தில்ஷாத்துக்குத் தோன்றியது.

வீட்டுக்குப் போய்விட்ட குழந்தைகள் பத்தொன்பது பேர். தினமும் மதியச் சாப்பாட்டு வேலை முடிந்ததும் இரண்டு மூன்று அம்மாக்களுக்குப் போன் போட்டாள். ஒரு நாள் பாகற்காய் சமைத்துக் கொடுத்துப் பாருங்கள், என்ன சொல்கிறார்கள் என்று எனக்குச் சொல்லுங்கள் என்றாள். பதில்கள் வேடிக்கையாக வந்தன. "இதுல வெல்லம் போட்டியான்னு கேக்குறான் மேடம். நான் போடவே இல்ல" என்றாள் கும்பகோணத்து அம்மா. பட்டுக்கோட்டையில் மித்ரா என்று ஐந்து வயதுப் பெண், தன் பங்கையும் தின்றுவிட்டு அப்பா இலையிலிருந்தும் எடுத்துக்கொண்டாளாம். அவள் அம்மாவும் தில்ஷாத்தும் சேர்ந்து சிரித்தார்கள். தில்ஷாத் தேதி போட்டுக் குறித்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போய் ஏழு மாதம் ஆன குழந்தைக்குக்கூடக் கசப்பு திரும்பவில்லை. பத்தொன்பதில் ஒன்றுக்கும் திரும்பவில்லை.

அட்டவணை போட்டு நாச்சியப்பனுக்கு அனுப்பினாள். இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்று பதில் வந்தது. பத்தாவது நாள் பட்டுக்கோட்டையிலிருந்து போன் வந்தது.

மித்ராவின் பெரியப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார். நீரிழிவுக்காரர். அவர் பையில் மாத்திரை அட்டை இருந்திருக்கிறது. 'சுகர் மாத்திரை' என்று பெரியவர்கள் பேசிக்கொண்டதை மித்ரா கேட்டிருக்கிறாள். வேறு குழந்தையாக இருந்தால் முதல் மாத்திரையைக் கடித்ததுமே துப்பியிருக்கும். இவள் ஒன்பது மாத்திரைகளை மென்று தின்றுவிட்டாள். தஞ்சாவூரில் மூன்று நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து, நாலாம் நாள் கண் விழித்தாள்.

அவள் அம்மா போனில் அழவில்லை. கத்தவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அன்னைக்கு நீங்க போன் பண்ணிக் கேட்டப்பவே உங்களுக்கு இது தெரியுமா மேடம்?"

தில்ஷாத்துக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் கேட்டாள். கேட்டாள், சிரித்தாள், குறித்துக்கொண்டாள், போனை வைத்தாள். 'பார்த்துக்கோங்க, மாத்திரை மருந்து எதுவும் கைக்கு எட்டுற இடத்துல வைக்காதீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. அவளுக்கு அப்போது அட்டவணைதான் பெரிதாக இருந்தது.

அன்றே உட்கார்ந்து மற்ற பதினெட்டு வீட்டுக்கும் போன் போட்டு எச்சரித்தாள். பிறகு மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவுக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினாள். நாச்சியப்பன் அதைத் தடுக்கவில்லை. தன் கையெழுத்தையும் அடியில் போட்டார். விசாரித்து முடிக்கும்வரை யாருக்கும் சட்டை போட வேண்டாம் என்று குழு சொல்லிவிட்டது.

சொல்லிவிட்டது சரிதான். ஆனால் நோய் குழுவுக்காகக் காத்திருக்காதே. பாகற்காய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு அழுதாளே, அவள் பெயர் அக்ஷரா. நாலு வயது. அவளுக்கு ரத்தப் புற்று, மருந்தைத் தள்ளிப்போட முடியாது. சட்டை இல்லாமலே தொடங்கினார்கள். ஐஸ் துண்டு கொடுத்தார்கள், ஒளி காட்டினார்கள். எட்டாம் நாள் அக்ஷராவின் உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டு ரத்தம் கட்டியிருந்தது. வலிக்கு மார்ஃபின் ஏறிக்கொண்டிருந்தும் அவள் தொண்டையிலிருந்து மெல்லிய முனகல் வந்துகொண்டே இருந்தது. பக்கத்து அறையில் சர்வேஷ் பூரி கேட்டு அடம் பிடித்துக்கொண்டிருந்தான்.

அக்ஷராவின் அம்மா தில்ஷாத்தின் அறைக்கே வந்துவிட்டாள்.

"நீங்க எழுதிப் போட்டுத்தான் நிறுத்தினாங்களாமே?"

"ஆமாங்க. உக்காருங்க. ஒரு குழந்தை மாத்திரையைத் தின்னு..."

"மாத்திரையை நான் பீரோவுல வச்சுப் பூட்டிக்குவேன் மேடம். எங்க வீட்டுல இருக்கிற அத்தனையும் பூட்டிக்குவேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? இப்ப எம்பொண்ணு வாயை நான் எதை வச்சுப் பூட்டுறது?"

அவள் போனபின் தில்ஷாத் குறிப்பேட்டை எடுத்து, அக்ஷராவின் பெயருக்கு நேரே அன்றைய பூஜ்யத்தைப் போட்டாள்.

ஐப்பசி பிறந்து ஊரெல்லாம் காய்ச்சல். மருத்துவமனையில் நோயாளிகளோடு தங்கியிருப்பவர்களுக்கு நிலவேம்புக் குடிநீர் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். கீழ்த்தளத்தில் பெரிய அண்டாவை வைத்து, காகித டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள். தில்ஷாத் அந்தப் பக்கம் போனபோது வரிசையே ஒரு வேடிக்கைக் காட்சியாக இருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறவர்கள், செடி மறைவில் ஊற்றிவிட்டு வருகிறவர்கள், குடித்த கையோடு சர்க்கரைக்குக் கை நீட்டுகிறவர்கள்.

ஆறாவது மாடி அம்மாக்கள் ஒன்பது பேர் தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, ஊதி ஊதி, டீ குடிப்பதுபோல் குடித்துக்கொண்டே கதை பேசிக்கொண்டிருந்தார்கள். மேகலா ஒரு டம்ளரைத் தில்ஷாத்திடம் நீட்டினாள்.

"நீங்களும் குடிங்க மேடம். ஊரே காய்ச்சல்ல கிடக்கு."

தில்ஷாத் ஒரு வாய் குடித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். பின்னால் ஒன்பது பேரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"வெந்நி மாதிரிதானே இருக்கு? இதுக்கா இந்த ஓட்டம்!"

வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்த தில்ஷாத் அப்படியே நின்றாள். திரும்பி வந்து மேகலாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மேகலா, சர்வேஷ் மிச்சம் வைக்கிற சாப்பாட்டை என்ன பண்றீங்க?"

மேகலாவின் சிரிப்பு நின்றது. மிச்சத்தை மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போட வேண்டும் என்பது வார்டு விதி. "போட்டுருவேன் மேடம்" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "சில நாள் மனசு வராது. ரெண்டு வாய்தானேன்னு..."

"தப்புன்னு சொல்லல. எத்தனை நாளா?"

"வந்த நாள்லேருந்து."

மற்ற எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரையும் தனியாகக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலைக்குள் ஒன்பது அம்மாக்களின் வாயிலிருந்தும் பஞ்சில் தொட்டு எடுத்தாயிற்று. இரண்டு நாளில் முடிவு வந்தது. ஒன்பது பேர் வாயிலும் சட்டை இருந்தது. நாச்சியப்பன் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார். அவர் முகத்தில் பயம் இருந்தது, அதற்கும் மேலே பெரிய ஆச்சரியம் இருந்தது.

"நான் சொன்னது பொய் இல்லைங்க" என்றார். "ஆறு வாரத்துல உதிரத்தான் செய்யுது. உதிர உதிர அம்மாகிட்டேருந்து திரும்பி வருது. அம்மாவுக்கு உதிரும்போது குழந்தைகிட்டேருந்து போகுது. எலியை நாங்க தனித்தனிக் கூண்டுல வச்சிருந்தோம்."

"அப்ப வீட்டுல எல்லாரும் ஆறு வாரம் தனித்தனித் தட்டு, தனித்தனி டம்ளர்னு இருந்தா போயிடுமா சார்?"

"போயிடணும். ஆனா எலிக்குக் கூண்டு போடலாம். துறையூர்ல யாருக்கு எப்படிப் போடுறது? ஆறு வயசுப் பிள்ளை வீட்டுல யாரையும் தொடாம, யார் தட்டுலயும் கை வைக்காம இருக்குமா?"

இதைத்தான் குழுவும் நாலு நாள் பேசியது. சட்டையைத் தடை செய்துவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அவர்களைத் தில்ஷாத் அக்ஷராவின் அறைக் கண்ணாடிக்கு வெளியே கூட்டிவந்து நிறுத்தினாள். அதற்குப்பின் அவர்கள் அதைச் சொல்லவில்லை. கடைசியில், சட்டை தொடரும், ஆனால் பெற்றோரிடம் வாயால் எடுத்துச் சொல்லி, அவர்கள் சம்மதித்தால்தான் போடுவது என்று முடிவாயிற்று. கூடவே ஒரு நிபந்தனை. குழந்தை இருக்கிற வீட்டில் ஒருவருக்காவது கசப்பு தெரிந்தே ஆக வேண்டும். குழந்தைக்குக் கொடுக்கிற மருந்து, வெளியிலிருந்து வருகிற தின்பண்டம், கசக்கக்கூடிய சுரைக்காய், வெள்ளரிக்காய் எதுவானாலும் அவர் ஒரு துளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அவர் குழந்தையின் எச்சிலைத் தொடக்கூடாது.

சர்வேஷுக்கு அக்காவின் மஜ்ஜை நன்றாகப் பிடித்துவிட்டது. வீட்டுக்குப் போகும் நாள் நெருங்கியது. மேகலா, அவள் கணவர் லோகநாதன் இரண்டு பேரையும் உட்காரவைத்து நாச்சியப்பனும் தில்ஷாத்தும் பேசினார்கள். லோகநாதனுக்கும் சட்டை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மேகலாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர்தான் பையனோடு இருப்பார்.

"உங்க பொண்ணு வார்டுக்குள்ள வந்ததே இல்ல" என்றார் நாச்சியப்பன். "மஜ்ஜை எடுத்தது வேற கட்டிடத்துல. நீங்களும் வீட்டுக்குப் போறப்ப தனித் தட்டுலதான் சாப்பிடுறதா சொன்னீங்க. அதனால அவளுக்கு ஒண்ணும் வந்திருக்காது. பத்து வயசு, விவரமான பொண்ணு. அவளையே ருசி பார்க்கப் பழக்கிடலாம். உங்களுக்கும் சிரமம் இல்ல."

"வேண்டாம் சார்" என்றாள் மேகலா உடனே. "அவ இடுப்புல ஊசி போட்டு எடுத்தது போதும். இன்னும் தம்பிக்காக விஷமா இல்லையான்னு அவ நாக்குல வச்சுப் பாக்கணுமா? எனக்கு இருக்கிறதை எடுக்க முடியாதா?"

"எடுக்கலாம். கொப்பளிக்கிற மருந்து இருக்கு, ஏழு நாள். ஆனா காட்டமான மருந்து. பன்னிரண்டு வயசுக்குக் கீழே யாருக்கும் அதைக் குடுக்க மாட்டோம். பெரியவங்களுக்கே வாய் வெந்துடும்."

"நான் எடுத்துக்கிறேன் சார்" என்றார் லோகநாதன். "அவன் பக்கத்துல அம்மா இருக்கட்டும்."

"நீங்க காலைல முதல் வண்டிக்குப் போனா ராத்திரிதான் வரீங்க. நடுவுல அவனுக்கு நாலு வேளை மருந்து. உங்களை பஸ்ஸை நிறுத்திட்டு வரச் சொல்றதா?" என்ற மேகலா தில்ஷாத்தின் பக்கம் திரும்பினாள். "எதெதெல்லாம் கூடாதுன்னு சொல்லுங்க மேடம்."

"ஊட்டலாம். கரண்டியில. அந்தக் கரண்டி உங்க வாய்க்குப் போகக்கூடாது. அவன் தட்டுல ஒரு பருக்கை எடுக்கக்கூடாது. தலையில முத்தம் குடுங்க, முகத்துல வேண்டாம்."

"நான் குடுக்கிறதை நிறுத்திக்கலாம் மேடம். அவன் ஓடி வந்து குடுத்தா?"

தில்ஷாத் நாச்சியப்பனைப் பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முகத்தைத் திருப்பிக்கணும்" என்றாள் தில்ஷாத்.

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல மேகலா. அவனுக்கு முழுசா உதிருற வரைக்கும்."

மேகலா கையெழுத்துப் போட்டாள். அன்றிலிருந்து வார்டில் லோகநாதன் லீவு போட்டுவிட்டு வந்து இருந்தார். மேகலா கீழே உறவினர்கள் தங்கும் அறையில் இருந்துகொண்டு ஒரு நாளைக்கு நாலு தடவை கொப்பளித்தாள். மூன்றாம் நாள் வாய் சிவந்தது. ஐந்தாம் நாள் பேச்சு குழறியது. தில்ஷாத் அவளுக்கு ஆறிய கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள். பாதிக்கு மேல் இறங்கவில்லை.

வீட்டுக்குப் போகும் நாளன்று அக்கா தன்யாவையும் கூட்டிவந்திருந்தார்கள். இரட்டைப் பின்னல், பள்ளிச் சீருடை. முகமூடி போட்ட தம்பியைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்து, கையைக் காட்டிக்கொண்டே இருந்தாள். உடுப்பு மாற்றி அவனை வெளியே கொண்டுவர நேரம் ஆகும் போலிருந்தது. அதற்குள் மேகலாவுக்கு ஒருமுறை சோதித்துவிடலாம் என்று தில்ஷாத் அம்மாவையும் பெண்ணையும் தன் அறைக்கு அழைத்துப்போனாள்.

பாகற்காய்த் தண்ணீர் நாக்கில் பட்டதும் மேகலாவின் உடம்பே ஒருமுறை சிலிர்த்தது. புண்ணான வாய் வேறு. கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். தெரிகிறது.

"என்னம்மா அது?" என்று தன்யா எட்டிப் பார்த்தாள். சம்பிரதாயத்துக்குத்தான் தில்ஷாத் இன்னொரு கிண்ணத்தை அவளிடம் நீட்டினாள். அவள் முழுவதையும் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எப்படி இருக்கு?"

"தண்ணி."

மேகலா பெண்ணின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். வாய் வலியில் பேச்சு சரியாக வரவில்லை. "நீ உள்ளேயே போகலையேடி. எப்படி?"

தன்யா பயந்து தில்ஷாத்தைப் பார்த்தாள். திட்டு விழாது என்று தெரிந்தபின் மெதுவாகச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை அம்மா வரும்போது தம்பி பிஸ்கட் குடுத்து விடுவான். டிஷ்யூ பேப்பர்ல சுத்தி, அம்மா பையில அவனே வைப்பான். பாதி அவன் கடிச்சது, பாதி எனக்கு. எங்களுக்குள்ள அப்படித்தான். அவன் சாப்பிட்டதுன்னு தெரியும், அதான் சாப்பிட்டேன்."

மேகலா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பையில் அப்படி ஒரு பொட்டலம் இருந்ததே அவளுக்குத் தெரியாது.

தன்யாவுக்கு இதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்று புரியவில்லை. "அப்ப எனக்கும் வாய்ச் சட்டை இருக்கா? தம்பிக்கு இருக்கிறதேவா?" என்று கேட்டாள். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. "என் மஜ்ஜை அவன்கிட்ட, அவன் சட்டை என்கிட்ட!"

கதவுக்கு வெளியே லோகநாதனின் குரலும் சர்வேஷின் குதூகலமும் கேட்டன. அம்மா எங்கே, அம்மா எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தான். மேகலா எழுந்து, முகமூடியை மாட்டிக்கொண்டு, கதவைப் பார்த்து நின்றாள்.

தில்ஷாத்தின் பார்வை மட்டும் தன்யாவின் சீருடை மேல் நின்றது. அதற்குமேல் யோசிக்கக்கூடாது என்றுதான் அவளுக்கு இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"தன்யா, பள்ளிக்கூடத்துல மத்தியானம் யார்கூடச் சாப்பிடுவே?"

"எல்லாரும் மரத்தடியில வட்டமா உக்காந்துதான் மேடம். எங்க டப்பால இருக்கிறதை அவங்க எடுப்பாங்க, அவங்களோடதை நாங்க எடுப்போம். ஒரே தண்ணி பாட்டில்தான் சுத்தி வரும்."

"எத்தனை பேர் இருப்பீங்க?"

தன்யா பேரைச் சொல்லிச் சொல்லி விரல்களை மடக்கினாள். தர்ஷினி, அப்ரின், ஜெரோம், லாவண்யா, அவள் தங்கச்சி, அஞ்சாம் வகுப்பு ப்ரீத்தி... பத்து விரலும் மடங்கிவிட்டன. அவள் கையை விரித்து மறுபடி முதல் விரலிலிருந்து ஆரம்பித்தாள்.

"மெதுவா சொல்லும்மா" என்றாள் தில்ஷாத். குறிப்பேட்டில் புதுப் பக்கம் ஒன்றைப் புரட்டினாள். "பேரோட, வீடு எங்கன்னும் சொல்லு."